தோட்டத்து ஊரில் பேண்ட் மாஸ்டர் வேலை: கேட்ட தம்பிக்கு

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர், இடைநிலைப்பள்ளி நாட்களில் ட்ரோம்போன் ஊதியவர். பள்ளி பேண்டை எடுத்து நடத்தச் சொல்லித் தலைமையாசிரியர் கேட்கிறார். பக்கத்து இடைநிலைப்பள்ளியிலும் ஆள் இல்லையாம். முன்னாள் மாணவர்கள் ஊருக்கென்று ஒரு பேண்ட் வேண்டும் என்கிறார்கள், கோயில் தலைவரோ திருவிழாவில் நாதஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்க முடியுமா என்று கேட்டு வைத்திருக்கிறார். இந்த வேலை எப்படி இருக்கும், இதை நம்பிப் பிழைக்க முடியுமா, நாதஸ்வரமும் ட்ரம்பெட்டும் ஒத்துப்போகுமா என்பதுதான் கேள்வி.

நானும் இதே பேரா மாநிலத்தில் இன்னொரு தோட்டத்து ஊரில் பல வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிழைப்பை முதலில் பேசி முடித்துவிடலாம், அதில் சொல்ல அதிகமில்லை. ஆசிரியர் வேலையை விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் பயிற்றுநருக்குப் பள்ளிகள் கொடுப்பது பெரும்பாலும் மணிக்கணக்கு அலவன்ஸ். பள்ளி விடுமுறையில் அது கிடையாது, மழையால் பயிற்சி ரத்தானால் கிடையாது, தேர்வு மாதத்தில் கிடையாது. சில இடங்களில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொடுக்கும், சங்கத்தில் தலைவர் மாறினால் பேச்சும் மாறும். ஒரு பள்ளியில் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த காசு அடுத்த வருஷம் சீனப் பெருநாளுக்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது. முழுநேரமாக இதையே செய்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. மூன்று நான்கு பள்ளிகள், வீட்டில் தனி வகுப்பு, வார இறுதியில் கல்யாணம், சீனர் வீட்டு இறப்பு ஊர்வலம், இத்தனையும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு ஒரு சம்பளம். ஈப்போவில் இருந்தால் அதற்கு வழி உண்டு. தோட்டத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தால் பாதிக் காசு மோட்டாருக்கு எண்ணெய் போட்டே போய்விடும். இதையே தொழிலாக எடுக்கத்தான் வேண்டும் என்றால் தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்விப் பட்டம் இருக்கிறது, அதைப் பாருங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் பள்ளி அலுவலகத்தில் உங்களை உட்காரச் சொல்லிப் பேசுவார்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு பேண்ட் மாஸ்டர் என்றால் முன்னால் நின்று கோலை ஆட்டுகிறவர். அந்தக் கோல் ஆட்டும் நேரம் வாரத்தில் மிகக் கொஞ்சம்தான். என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதிக்கு மேல், இன்னும் இரண்டு வருஷம் கழித்து இருக்கப்போகிற பேண்டுக்காகச் செய்வது. இன்றைக்கு இடைநிலைப்பள்ளியில் உங்களிடம் அருமையாக ஊதுகிறவன் யார்? படிவம் 5 பையன். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்க நெருங்க வீட்டில் விடமாட்டார்கள், டியூஷன் என்பார்கள், அப்புறம் ஒரு நாள் சீருடையை மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அவன் இடத்தில் உட்கார ஒரு படிவம் 3 பிள்ளை ஏற்கெனவே தயாராக இல்லையென்றால் அடுத்த பிப்ரவரியில் நீங்கள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். போட்டியில் பரிசு வாங்கிய பேண்ட் இரண்டே வருஷத்தில் காணாமல் போனதை நம் மாநிலத்திலேயே பார்த்திருக்கிறேன். காரணம் எப்போதும் ஒன்றுதான்: நன்றாக ஊதுகிற பெரிய பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு கோப்பைக்கு ஓடினார்கள், சின்னதுகளைத் தண்ணீர் பாட்டில் தூக்க விட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு வாத்தியத்திலும் வெவ்வேறு வயசில் மூன்று பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பெரியவன் ஒருவன், நடுவில் ஒருவன், புதிதாக ஒருவன். அந்தப் பெரியவன்தான் சின்னவனுக்கு வால்வு எண்ணெய் போடுவதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும், நீங்கள் அல்ல. முக்கியமாகப் பின்வரிசையைக் கவனியுங்கள். ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் ஆள் தானாக வரும். யூஃபோனியம், டியூபா, மூன்றாம் கிளாரினெட் இந்த இடங்களுக்கு நீங்கள்தான் தேடிப் போக வேண்டும், அங்கே உட்காருகிற பிள்ளைதான் முதலில் விலகவும் செய்யும். ஏனென்றால் வீட்டில் போய் ஊதிக் காட்ட அதனிடம் மெட்டு இல்லை, வெறும் ‘பூம் பூம்’தான். நான் எழுதித் தரும் ஒவ்வொரு பாட்டிலும் எங்காவது எட்டு பார் டியூபாவுக்கு மெட்டைக் கொடுத்துவிடுவேன். கேட்க ரொம்ப அழகாக இருக்காது, பரவாயில்லை. அந்தப் பிள்ளை அடுத்த வருஷமும் வரும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அது எல்லாருக்கும் அமைவதில்லை. தமிழ்ப்பள்ளியும் இடைநிலைப்பள்ளியும் ஒரே கையில் வரப்போகின்றன. ஆண்டு 4-இல் தொடங்கிய பிள்ளை படிவம் 1-இல் அதே மாஸ்டரிடம், அதே விரல் பழக்கத்தோடு வந்து உட்காரும். இடையில் சிலர் படிவம் 1-க்கு முன்னால் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருப்பார்கள், அவர்களையும் விட்டுவிடாமல் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். அந்த ஒரு வருஷத்தில்தான் பல பிள்ளைகள் எல்லாவற்றிலிருந்தும் கழன்றுகொள்கிறார்கள். பெற்றோரிடம் பேசும்போது சீருடை இயக்கம், புறப்பாட மதிப்பெண் என்று சொல்லுங்கள். இடைநிலைப்பள்ளியில் பேண்டும் சீருடை இயக்கமாகக் கணக்கில் வரும், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருக்கிறது. இசை மேல் ஆசை இல்லாத அப்பாவுக்கும் இந்தக் கணக்கு புரியும்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது. முதல் வகுப்பில் வாத்தியத்தைக் கையில் கொடுக்காதீர்கள். மவுத்பீஸ் மட்டும். ‘ம்’ என்று சொல்லி உதட்டை மூடச் சொல்லுங்கள், ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் மட்டும் காற்று விடச் சொல்லுங்கள். கன்னத்தை உப்பவிடும் பிள்ளைக்குச் சத்தம் வராது, காற்றுதான் வரும். அதன் கன்னத்தில் இரண்டு விரலை லேசாக வைத்தால் போதும், டக்கென்று ஒரு ‘ப்ர்ர்’ வரும், வகுப்பே சிரிக்கும், அந்தப் பிள்ளை வீடு போகும் வரை அதையே செய்துகொண்டிருக்கும். தடித்த உதட்டுக்கு ட்ரம்பெட் வராது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள், என்னிடம் ஊதிய மிகச் சிறந்த ட்ரம்பெட் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு நல்ல தடித்த உதடு. பல்லைத்தான் பார்க்க வேண்டும். முன்பல் விழுந்து முளைக்கிற வயசில் பித்தளை வாத்தியம் வேண்டாம், அதனால்தான் ஆண்டு 4 என்கிறேன். ட்ரோம்போனுக்குக் கை நீளம் வேண்டும், அது உங்களுக்கே தெரியும்: ஏழு நிலைகளில் கடைசி இரண்டும் ஆண்டு 4 பிள்ளைக்கு எட்டாது. அதுவரை யூஃபோனியத்தில் உட்கார வையுங்கள், மவுத்பீஸ் ஏறக்குறைய ஒரே அளவு, பிறகு மாற்றுவது சுலபம். ரிக்கார்டர் இசைப் பாடத்திலேயே வருகிறது. அதில் விரல் வேகமாக ஓடுகிற பிள்ளையைச் சாக்ஸபோனுக்குத் தள்ளுங்கள், விரல் அமைப்பு நெருங்கிய சொந்தம்.

தாளக் கருவிக்கு உறுமி மேளக் குழுவில் அடிக்கிற பையன்களைத் தேடுங்கள். அவர்களைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பள்ளியிலும் சில ஆசிரியர்களுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. ஆனால் நம் ஊரில் அவர்களைவிடத் தாளம் நிற்கிற பிள்ளைகள் கிடைக்கமாட்டார்கள். நோட்ஸ் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அதற்குச் சொற்கட்டு போதும். ஒரு அடிக்குள் நாலு என்றால் ‘தகதிமி’, மூன்று என்றால் ‘தகிட’, ரெண்டு என்றால் ‘தக’. தாளில் இருக்கும் கறுப்புப் புள்ளிக்கு மேல் இதை எழுதிக் கொடுத்தால் ஒரு மாதத்தில் எழுத்து இல்லாமலே படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்நேர் டிரம்மில் அவர்களைக் கட்டுப்படுத்தி மெதுவாக அடிக்க வைப்பதுதான் கஷ்டம், அதற்கு இன்னும் எனக்கு வழி கிடைக்கவில்லை.

பயிற்சி நேரத்தை நீங்கள் முடிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள், பஸ்காரர்தான் முடிவு செய்வார். முன்பெல்லாம் பிள்ளைகள் லயத்து வீடுகளிலிருந்து நடந்தே வரும், சாயங்காலம் எத்தனை மணிக்கு விட்டாலும் கூட்டமாகத் திரும்பிப் போகும். இப்போது தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, வேலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்து, நம் குடும்பங்கள் பத்து தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, பிரிந்து போய்விட்டன. பள்ளி முடிந்ததும் புறப்படும் பஸ்ஸை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு வழியில்லை. அதனால் வார நாட்களில் சின்னச் சின்னக் குழுவாக, நடந்து போகக்கூடிய பிள்ளைகளோடு மட்டும், சனிக்கிழமை காலையில் எல்லாரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வைத்தால் மழையும் பிடித்துக்கொள்ளும். நாலு மணிக்கு இடி இடித்தால் திடலில் ஒரு பிள்ளையும் நிற்கக்கூடாது, கையில் பிடித்திருப்பது உலோகம். அப்புறம் சாப்பாடு. வெறும் வயிற்றில் ஊதினால் தலை சுற்றும், அதைப் பார்த்துவிட்டு ‘ஊதினால் குடல் இறங்கிவிடும்’ என்று ஒரு பாட்டி தாமான் முழுக்கச் சொல்லிவிடுவார். அம்மாமார்களிடம் முறை வைத்து மைலோவும் பிஸ்கட்டும் வாங்குங்கள். அந்த முறைதான் பின்னால் உங்கள் பெற்றோர் குழுவாக மாறும்.

வாத்தியங்கள் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். நீங்கள் சாவியை வாங்கி அந்த அறையைத் திறக்கும்போது என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: பூஞ்சை வாடை, கரையான் தின்ற பெட்டி, மவுத்பீஸ் இறுகிப்போன ட்ரம்பெட், துளையை மூடும் பேட் வீங்கிப்போன கிளாரினெட். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பித்துப் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது பல பள்ளிகளில் வால்வுகள் உள்ளேயே பிடித்துக்கொண்டன, அவற்றில் சில இன்னும் அப்படியே அலமாரியில் கிடக்கின்றன. இறுகிய மவுத்பீஸைப் பிளையர் போட்டுத் திருகாதீர்கள். குழாய் முறுக்கிக்கொண்டுவிடும், பிறகு பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதைக் கழற்றவே ஒரு சின்னக் கருவி விற்கிறது, பள்ளிக் காசில் முதலில் அதை வாங்குங்கள். வால்வுக்கு வால்வு எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் போட்டுக் கொண்டுவருவார்கள், ஒரு வாரம் வழுக்கும், அப்புறம் பிசுபிசுத்து தூசியைப் பிடித்துக்கொண்டு அசையாது.

இன்னொன்று அடிக்கடி நடக்கும். திங்கட்கிழமை ஒரு பிள்ளை கண்ணீரோடு வரும்: “சார், நேத்து நல்லா கழுவினேன், இப்ப ஊதினா காத்தே போகல.” வாத்தியம் கெட்டுப்போகவில்லை. வீட்டில் மூன்று வால்வையும் கழற்றிக் கழுவிவிட்டு மாற்றிப் போட்டிருக்கும். ஒவ்வொரு வால்விலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும், வாய்ப்பக்கமிருந்து எண்ணி அந்தந்த இடத்தில் போட வேண்டும், கொஞ்சம் திருப்பினால் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் துளைகள் குழாயோடு நேராக வராது, காற்று போக வழி இல்லை. இதை நீங்களே சரி செய்துவிடாமல் அந்தப் பிள்ளையையே எண்ணைப் படித்துப் போடச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதுவே இன்னொரு பிள்ளைக்குச் சரி செய்து கொடுக்கும்.

புதிதாக வாங்குவதென்றால் சில நூறு வெள்ளிக்கு வரும் பெயர் தெரியாத ட்ரம்பெட்டை மொத்தமாக வாங்கச் சொல்லிச் சங்கத்தில் ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். பார்க்கப் பளபளவென்று இருக்கும். உதிரிப்பாகம் கிடைக்காது, சுருதி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போகும், பிள்ளைக்குக் காது கெட்டுப்போகும். அதே காசுக்குப் பழைய யமஹாவோ தைவானின் ஜூப்பிட்டரோ பாதி எண்ணிக்கையில் வாங்கிப் பழுது பார்த்து வைத்தால் பத்து வருஷம் ஓடும்.

உங்கள் தமிழ்ப்பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று நீங்கள் சொல்லவில்லை. 150-க்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்பார்கள், தோட்டத்துப் பள்ளிகளில் பல அந்தக் கணக்கில்தான் வரும், சிலவற்றில் முப்பது பிள்ளைகளே இல்லை. அங்கே போய் முழு பேண்ட் கேட்காதீர்கள். பியானிக்கா (ஊதி வாசிக்கும் கீபோர்டு), ரிக்கார்டர், ரெண்டு டிரம், ஒரு பெல் லைரா (உலோகப் பட்டைகளைத் தட்டும் வாத்தியம்), அதுவே போதும், சபையில் நின்றால் அழகாகவே இருக்கும். கடையில் விற்கிற நோட்ஸ் உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அது ஹார்ன் இருக்கிறது, ஓபோ இருக்கிறது என்று நினைத்து எழுதப்பட்டது. உங்களிடம் ஆறு ட்ரம்பெட்டும் ஒரு யூஃபோனியமும் இருக்கும். மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் இலவசம், அதில் நாலே நாலு வரி எழுதுங்கள்: மெட்டு, அதற்குத் துணை, நடு, அடி. யாரிடம் எந்த வாத்தியம் இருக்கிறதோ அதைப் பார்த்து வரியைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். பி ஃபிளாட்டில் ஆரம்பியுங்கள், பித்தளை வாத்தியத்துக்கு அதுதான் வீடு. முதல் ஆறு சுரம் வந்துவிட்டாலே ச ரி க ப த, அதாவது மோகனம் கையில் வந்துவிடும், அதில் நம் பிள்ளைகளுக்குக் காதில் ஏற்கெனவே இருக்கிற மெட்டு எத்தனையோ எழுதலாம். வெறும் ஸ்கேல் ஊதச் சொல்லி ஆறு மாதம் ஓட்டினால் யாரும் இருக்கமாட்டார்கள்.

நெகாராகூ விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். போட்டியில் தப்பாக ஊதினால் மறந்துவிடுவார்கள், பிரமுகர் முன்னால் தேசிய கீதம் பிசகினால் அடுத்த தலைமையாசிரியர் வரும் வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். 1968-ஆம் ஆண்டிலிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. முழு வடிவம் உண்டு, சுருக்க வடிவம் உண்டு, எது வேண்டும் என்று முதல் நாளே நிகழ்ச்சி நெறியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் அதை வேகமாக வாசிக்கும்படி மாற்றி, 2003-இல் மறுபடி பழைய நடைக்குக் கொண்டுவந்தார்கள், ஆகவே பழைய ஒலிப்பதிவைக் கேட்டு வேகத்தைப் பழக்கிவிடாதீர்கள். நம் மாநிலத்தில் இன்னொரு வேடிக்கை. 1957-இல் தேசிய கீதத்துக்கு எடுத்துக்கொண்ட மெட்டு பேராவின் மாநில கீதத்துடையது, அதனால் அரசு நிகழ்ச்சியில் ஒரே மெட்டை இரண்டு தடவை ஊதுகிறோம். முதல் தடவை முடிந்ததும் ‘ஏற்கெனவே ஊதிவிட்டோமே’ என்று புதுப் பிள்ளை ஒன்று வாத்தியத்தைக் கீழே இறக்கிவிடும். ஒத்திகையில் இரண்டையும் தொடர்ந்து ஊதிப் பழக்குங்கள்.

வருஷத்தின் ஓட்டம் இப்படி இருக்கும்: ஆரம்பத்தில் ஆள் சேர்ப்பு, பிறகு இல்ல விளையாட்டுப் போட்டி, மே 16 ஆசிரியர் தினம், நடுவில் எங்காவது போட்டி, ஆகஸ்டு முழுக்கக் கவாத்து. தேசிய தினமான ஆகஸ்டு 31 காலையில் ஐந்தரைக்கெல்லாம் பிள்ளைகள் இருட்டில் நிற்கும். ‘செடியா’, ‘சபாட் ஜாலான்’ என்று குரல் கொடுக்கும் பிள்ளைக்குத் தொண்டை போய்விடாமல் ஒரு மாற்று ஆள் வைத்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே ஊதும்போது மவுத்பீஸ் பல்லில் இடிக்கும். குதிகாலை முதலில் வைத்துப் பாதத்தை உருட்டி நடக்கச் சொல்லிக்கொடுத்தால் மேல் உடம்பு ஆடாது. வெள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி எப்போதும் கூடுதலாக எடுத்துப் போங்கள், அளவு ஆறு அல்லது ஏழு.

ஊர் பேண்ட் பற்றி. இதைத் தயங்காமல் ஆரம்பியுங்கள், ஆனால் பள்ளி பேண்டோடு ஒட்டி வையுங்கள். படித்து முடித்துப் போன பிள்ளைகள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்துகொண்டு, லோரி ஓட்டிக்கொண்டு, ஈப்போவில் நர்ஸாக இருந்துகொண்டு, வாத்தியம் தொடாமல் இருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள். முதல் மாதம் கூட்டம் அலைமோதும், மூன்றாம் மாதம் பாதியாகும். அதற்காக வருத்தப்படாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள், இரவு எட்டரைக்கு மேல், அதைவிட அதிகம் கேட்காதீர்கள். ஓய்வு பெற்ற ராணுவ பேண்ட், போலீஸ் பேண்ட் ஆட்கள் யாராவது ஊரில் இருந்தால், அவர் மலாய்க்காரராக இருந்தாலும் சீனராக இருந்தாலும் வீட்டுக்குப் போய் அழைத்து வாருங்கள். அவர் பக்கத்தில் ஒரு படிவம் 2 பிள்ளையை உட்கார வைத்தால் நீங்கள் ஒரு வருஷம் சொல்லிக்கொடுப்பதை ஒரு ராத்திரியில் காதாலேயே வாங்கிக்கொள்ளும். வாத்தியங்களை மட்டும் கலந்துவிடாதீர்கள். பள்ளி வாத்தியம் பள்ளிச் சொத்து, எண் போட்டுப் பதிவேட்டில் இருக்கும். சனிக்கிழமை கல்யாணத்துக்கு எடுத்துப்போன சாக்ஸபோன் நசுங்கி வந்தால் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான். கல்யாண வாசிப்பில் வரும் காசில் ஒரு பங்கு ரீடுக்கும் எண்ணெய்க்கும் என்று ஆரம்பத்திலேயே பேசி எழுதி வைத்துவிடுங்கள். காசு வந்த பிறகு பேசினால் சண்டைதான்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சனிக்கிழமை போய்விடும், தீபாவளிக்கு முந்தைய வாரம் திறந்த இல்ல உபசரிப்பு என்று எங்காவது கூப்பிடுவார்கள், பொது விடுமுறை எல்லாம் அணிவகுப்புக்கே. வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். காதுக்கு அடைப்பான் வாங்குங்கள், சின்ன அறையில் இருபது பித்தளை வாத்தியத்துக்கு முன்னால் வருஷக்கணக்கில் நின்றவர்களுக்கு என்ன ஆகும் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வார், அவர் கூப்பிடுவது எனக்கு இரண்டாவது தடவைதான் கேட்கும்.

இனி கோயில் கேள்வி. முடியும், அழகாகவும் வரும், ஆனால் ஒத்துக்கொள்ளும் முன் வித்வானிடம் ஒன்று கேளுங்கள்: எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதி? இப்போது புழக்கத்தில் இருக்கும் பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) பெரும்பாலும் இரண்டு, இரண்டரை கட்டையில் நிற்கும். இரண்டரை என்றால் உங்கள் நல்ல காலம், அது இ ஃபிளாட். அவரவர் நோட்ஸ் கணக்கில் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் எஃப்-இல் ஊதலாம், ஆல்டோ சாக்ஸபோன் சி-யில் ஊதலாம், சின்னப் பிள்ளைக்கும் விரல் சிக்காது. இரண்டு கட்டை என்றால் டி. அப்போது ட்ரம்பெட்டுக்கு நாலு ஷார்ப், ஆல்டோவுக்கு ஐந்து ஷார்ப், ஊர் பேண்டின் பெரியவர்களே தடுமாறுவார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். அப்படியானால் இரண்டரைக் கட்டை நாயனம் கொண்டுவர முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள், இல்லையென்றால் மாறி மாறி வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து வேண்டாம்.

ராகம் சங்கராபரணம் அல்லது மோகனம். இதில் புதுமை ஒன்றும் இல்லை, முத்துசுவாமி தீட்சிதரே வெள்ளைக்கார மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் சாகித்தியம் செய்திருக்கிறார். கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜனும் சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத்தும் முழுக் கச்சேரியே செய்தவர்கள். ஆனால் உங்கள் பிள்ளைகள் சுரத்தை அசைத்து ஊதும் கமகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். அதை நாயனத்துக்கு விட்டுவிடுங்கள். வித்வான் ஆலாபனை செய்யும்போது யூஃபோனியமும் டியூபாவும் ச, ப மட்டும் பிடித்துக்கொண்டு, சுருதி பிடிக்கும் ஒத்துக் குழல் மாதிரி நிற்கட்டும். பக்கத்துப் பிள்ளை மூச்சு வாங்கும்போது நீ வாங்காதே என்று சொல்லிக்கொடுத்தால் சத்தம் அறாமல் ஓடும். கீர்த்தனையில் மட்டும் எல்லாரும் சேரட்டும். தவில் இருக்கும்போது பேஸ் டிரம்மையும் ஸ்நேரையும் நிறுத்திவிடுங்கள், ஒரு சின்னச் சிம்பல் போதும். தீபாராதனை நேரத்தில் எந்த இடத்தில் இருந்தாலும் நாயனம் கெட்டிமேளத்துக்குத் தாவிவிடும், அதற்கு ஒரு கை அடையாளம் வைத்து அடுத்த நொடி பேண்ட் நிற்க வேண்டும். வெயிலில் பித்தளையின் சுருதி ஏறும், அதனால் வாத்தியங்களைப் பந்தல் நிழலில் வைத்து, வாசிக்கும் இடத்திலேயே சுருதி சேருங்கள், பள்ளியில் சேர்த்துக்கொண்டு வந்தது நிற்காது.

கடைசியாக, ஊர்வலத்தில் யார் எங்கே என்பதை முதலிலேயே முடித்துவிடுங்கள். சாமிக்கு நேர் முன்னால் நாதஸ்வரம்தான், பேண்ட் அதற்கும் முன்னால், நடுவில் நல்ல இடைவெளி. வெற்றிலை பாக்கோடு வித்வான் வீட்டுக்கு நீங்களே போய் இதைச் சொல்லுங்கள், கோயில் தலைவர் மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.